இரும்பு விளிம்புள்ள ஸ்கீ

வலது கையைத் தலைக்கு மேலே நீட்டியபடி கடையின் நடுவில் நின்றாள் தவமலர். நீட்டிய கையின் மணிக்கட்டைப் பனியில் சறுக்குகிற ஸ்கீயின் வளைந்த மூக்குத் தொடவேண்டும், அதுதான் அளவு, நோர்வேக்கு வந்த முதற்குளிர்காலத்திலேயே படித்துக்கொண்ட அளவு, அதைப் பார்க்கத்தான் அவள் கையை நீட்டியது. கடைக்காரப் பெடியனோ அந்தக் கையைத் திரும்பியும் பாராமல் அவளுடைய மகள் ஆரணியிடம் போய், அம்மாவுக்கு எவ்வளவு நிறை இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். அம்மாவிடமே கேட்டால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமோ. அம்மா இங்கே பஸ்ஸை மறிப்பவள் மாதிரிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், அம்மாவுக்கு இவனுடைய மொழி தெரியும், அம்மா இந்த ஊர் வயோதிபர் இல்லத்தில் இவனுடைய பாட்டன்மாரில் யாருக்காவது கஞ்சி தீத்தியுமிருப்பாள், ஆனால் இவன் ஆரணியின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பான், ஆரணியும் கூச்சமில்லாமல் பதில் சொல்லுவாள். சொன்னாள். சொன்னது தவமலரின் பழைய நிறை, இப்போதையதைவிடக் குறைவு, அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, ஆறுதலாக இருந்ததை நினைக்க இன்னும் எரிச்சல் வந்தது. கை உளைந்தது. இறக்கினால் தோற்றுப்போன மாதிரி, இறக்காவிட்டால் பைத்தியக்காரி மாதிரி. பக்கத்தில் குழந்தைக்குக் கையுறை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாய் அவளைப் பார்த்துச் சிரித்தாள், பாவம் என்கிற சிரிப்பு, தவமலர் கையை இறக்கித் தலைமயிரை ஒதுக்குவதுபோல ஒதுக்கிக்கொண்டாள்.

பெடியன் கொண்டுவந்தது நீல நிறத்தில் ஒரு சோடி. ஒல்லி, கட்டை, அடியில் மயிர்த்தோல் ஒட்டியது, மெழுகு பூசத் தேவையில்லை, வழுக்காது, உங்கள் வயதில் எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றான். எல்லோரும். எல்லோரும் என்றால் யார், இந்த ஊரில் அறுபதைத் தாண்டியவர்கள் எல்லோரும் ஒரே கால்களை வைத்துக்கொண்டா நடக்கிறார்கள். அவள் கேட்டது இதையில்லை. பின்சுவரில் சாய்த்திருக்கிறதே, அகலமானது, இரண்டு பக்கமும் இரும்பு விளிம்பு வைத்தது, அதைத்தான் வந்தவுடனே விரலை நீட்டிக் காட்டினாள், அவனும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு இதைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். அவை மலைக்குப் போகிறவர்களுக்கு என்று ஆரணிக்கு விளக்கினான். மலைக்குத்தான் என்று தவமலர் அவனுடைய மொழியிலேயே சொன்னாள். அவன் சிரித்தான், மகளைப் பார்த்தான். ஆரணி கண்ணால் ஏதோ சொன்னாள், அந்தக் கண்ஜாடையை வளர்த்து ஆளாக்கியதே தான்தான் என்று தவமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு வகை ஸ்கீயும் ஒன்றில்லை, அதுதான் விஷயம், பார்க்கிறவர்களுக்கு இரண்டு பலகைத் துண்டு, ஆனால் ஒல்லியை எடுத்தால் ஊருக்குப் பின்னால் யந்திரம் ஓடி இரண்டு வாய்க்கால் கீறிவிட்டிருக்கும் தடத்தில்தான் போகலாம், விளக்குக் கம்பங்களுக்குக் கீழே, சுற்றிச் சுற்றி, வண்டியில் பூட்டின மாடு மாதிரி. மேட்டில் கிடக்கும் தொடாத பனியில் ஒல்லியை வைத்தால் முழங்கால் மட்டுக்கும் புதையும். அகலமானதோ அந்த வாய்க்காலுக்குள் இறங்கவே இறங்காது. ஆக இன்றைக்கு இந்தக் கடையில் எதை வாங்குகிறாளோ அதுதான் இனி அவள் போகப்போகிற இடம், இனி எத்தனை ஸ்கீயா வாங்கப்போகிறாள், இதுதான் கடைசிச் சோடி, அது இவர்கள் இருவருக்கும் தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டுதான் தலைக்கு மேலால் கதைக்கிறார்கள்.

பதப்படுத்தாத பனி என்று அதற்கு ஒரு பெயர் வேறு. என்ன தோலா பதப்படுத்துவதற்கு. வானத்திலிருந்து விழுந்தபடி கிடக்கிற பனி, அதை ஏதோ குற்றம் செய்த பனி மாதிரிச் சொல்லுகிறார்கள், அவள் பழகியதே அதில்தானே. வடக்கே கடலோரத்து மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த காலம், யந்திரமும் இல்லை வாய்க்காலும் இல்லை, வேலை முடிந்து கதவைத் திறந்தால் இடுப்பளவு வெள்ளை. அவளோடு ஒரே மேசையில் மீன் வெட்டிய ஹில்டே, அவளும் அப்போது இவள் வயதுக்காரிதான், ஒருநாள் ஒரு பழைய மரச்சோடியைக் கொண்டுவந்து கொடுத்து, வீட்டுக்குள் இருந்தால் இருட்டு உன்னைத் தின்றுவிடும், வா என்றாள். கையைத் தூக்கச் சொல்லி மணிக்கட்டு அளவு பார்த்தவளும் அவள்தான். அடியில் எதையாவது பூசவேண்டும் என்று ஹில்டே சொன்னதை வீட்டில் வந்து சொல்ல, குலசிங்கம், அவளுடைய மனிதர், எல்லாம் தெரிந்தவர், மரம் வழுக்கவேண்டுமென்றால் எண்ணெய்தான் என்று ஊரிலிருந்து பொதியில் வந்திருந்த நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்துவிட்டார். ஏற்றத்தில் ஓரடி முன்னுக்கு வைத்தால் ஈரடி பின்னுக்குப் போனது. ஹில்டே ஸ்கீயை மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டு, பனியில் குந்தியிருந்து சிரித்தாள், சிரித்துச் சிரித்து அழுதாள். அந்த எண்ணெய் மணம் மாதக்கணக்கில் போகவில்லை. அந்த மனிதருக்கு இப்போது ஸ்கீ என்ற சொல்லே ஆகாது, முழங்கால் நோகிறது என்று கதிரையில் சாய்ந்து தொலைக்காட்சியில் ஊர் அரசியல் பார்க்கிறார், பார்க்கட்டும், ஆனால் உனக்கென்ன பெடிச்சி என்று நினைப்போ என்று இன்று காலையில் கேட்டாரே, அதை என்னவென்று சொல்ல. கோயிலில் வசந்தமலரும் மற்றவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள், தவமலரக்கா தடியூன்றி மலையேறப் போறாவாம் என்று. பழனிக்குத் தடியூன்றிப் போனால் பக்தி, இங்கே போனால் பகிடி.

பெடியன் இப்போது குனிந்து, சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, உரத்த குரலில் அவளோடு கதைத்தான். இது மிக நல்ல ஸ்கீ. பாதுகாப்பானது. போட்டுப் பார்ப்போமா. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். எங்கே கேட்டது, எங்கே, அட, தன்னுடைய குரல். வயோதிபர் இல்லத்தில் கட்டிலோரம் நின்று, கெட்டிக்காரி, இன்னும் ஒரு வாய், அப்படித்தான் என்று அவளே கதைத்த குரல், எத்தனை பேரோடு, அதில் ஒரு பழைய தலைமையாசிரியை ஒருநாள் கரண்டியைத் தட்டிவிட்டாள், ஏன் தட்டினாள் என்று அன்றைக்கு விளங்கவில்லை. கரண்டி கட்டிலுக்குக் கீழே போய் விழுந்தது. இன்றைக்கு அந்தக் கரண்டி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்தாள். நினைத்தவுடன் பெடியன்மேல் இருந்த கோபம் குறைந்திருக்கவேண்டும், குறையவில்லை, கூடியது, ஏனென்றால் அவள் கதைத்தது எழும்ப மாட்டாதவர்களோடு, இவன் கதைப்பது எழும்பி நிற்கிறவளோடு. எழும்பி. அந்தச் சொல்லில் மனம் முள்ளில் சேலைபோல மாட்டிக்கொண்டது. அவள் அவசரமாக வேறொன்றை நினைத்தாள், கார் நிறுத்தியதற்கு நேரம் முடிந்துவிடுமோ, இட்டலிக்கு உழுந்து ஊறப்போடவேண்டும், உழுந்து, அன்றைக்கும் அவள் உழுந்தைத்தான் நினைத்தாள், அங்கே கிடக்கும்போது. வேண்டாம். பழைய சோடி எப்படி உடைந்தது என்று ஆரணி கேட்டபோது, கார் நிறுத்துமிடத்தில் கல்லில் மோதிவிட்டேன் என்று சொல்லியாயிற்று, வீட்டில் எல்லோரும் நம்பியாயிற்று. பெடியன்கூடக் கேட்டான், பழையதற்கு என்ன நடந்தது என்று, ஆரணிதான் சொன்னாள், கல்லில் மோதியது.

சுவருக்குத் தானே நடந்துபோனாள் தவமலர். அகலமான சோடியில் மணிக்கட்டு அளவுக்கு வந்ததை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து தரையில் போட்டாள், விரித்த கம்பளத்தில் அது மெத்தென்று விழுந்தது. போட்டுப் பார்க்கிற சப்பாத்து வேண்டும் என்றாள். பெடியன் மறுக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும், சப்பாத்தைக் கொண்டுவந்து கொடுத்தான், அவள் குனிந்து கட்டிக்கொண்டு முன்பாதத்தைக் கொக்கியில் வைத்து அமத்தினாள், டக் என்றது, மற்றதும் டக் என்றது, அந்தச் சத்தத்தில் நெஞ்சு ஒருமுறை மேட்டுக்குப் போய்வந்தது. அங்கே காற்று மேற்பனியைக் கோதிவிட்டுப் போயிருக்கும், வெண்நரியின் காலடி ஒரு வரியாகப் போய் எங்கேயோ நின்றுவிடும், அதற்குப் பிறகு அவளுடையதுதான் முதல் அடி, திரும்பிப் பார்த்தால் வந்த வழி தெரியும், அது தான் மட்டும் வந்த வழி, வாழ்நாளில் வேறு எங்கே அப்படித் திரும்பிப் பார்த்தாள். தொழிற்சாலையில் மேசை வைத்த இடம், கலியாணத்தில் பெரியவர்கள் வைத்த இடம், பிள்ளைகளுக்காகப் பார்த்துப் பார்த்து இருந்த இடம், அதெல்லாம் குறையில்லை, குறையென்று அவள் சொல்லமாட்டாள், ஆனால் அந்த மேடு அவளுக்கு வேண்டும். அப்போதுதான் பெடியன் கேட்டான். முதல் தரமாக ஒரு சரியான கேள்வியைக் கேட்டான், அதையும் ஆரணியிடம் கேட்டான். இளகின பனியில் விழுந்தால் அம்மா தானாக எழும்புவாரா. ஆரணி ஒரு கணமும் யோசிக்கவில்லை. இல்லை, இல்லை, அம்மா அப்படியான இடத்துக்கெல்லாம் போவதில்லை, விளக்குத் தடத்தில்தான் போவா, அந்த நீலச் சோடியையே கட்டித் தாருங்கள் என்றாள்.

உடம்பெல்லாம் கொதித்தது. போவதில்லையாம். போன மாசியில் அவள் அங்கேதான் கிடந்தாள். வெயிலடித்த நல்ல ஞாயிறு, தனியாக, மேட்டின் அந்தப் பக்கச் சரிவில், பனிக்குக் கீழே பற்றை இருந்ததைக் காணவில்லை, இடது ஸ்கீ அதற்குள் செருகி முறிந்தது, அவள் தோளடியாக விழுந்தாள். விழுவது ஒன்றும் புதிதில்லை. கையை ஊன்றினாள், கை முழங்கை மட்டுக்கும் போனது, தோள் மட்டுக்கும் போனது, அடியே இல்லை, தடியை ஊன்றினாள், தடியும் போனது, உலகத்தில் ஊன்றுவதற்கு ஒன்றுமே இல்லாமல் போனது அன்றைக்குத்தான். போன் குளிரில் செத்துக் கிடந்தது. பயந்தாள், பயந்தாள் என்பதுதான் உண்மை, ஆனால் பயத்தோடு பயமாக, உழுந்து ஊறப்போடவில்லையே என்றும் நினைத்தாள், தன்னைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் கெட்டிக்காரி, இன்னும் கொஞ்சம் என்று சொல்லப்போகிறார்களே என்றும் நினைத்தாள், அந்த நினைப்புத்தான் பொறுக்கமுடியாமல் இருந்தது. பிறகு, எங்கிருந்து வந்ததோ, மணல். நல்லூர்க் கோயில் வீதி மணல், ஆவணி வெயில். அண்ணனை ஆமி பிடித்துக்கொண்டுபோன வருடம் அவன் திரும்பி வரவேண்டுமென்று நேர்ந்து அவள் அடியழித்தாள், அங்கப்பிரதட்சணம் செய்து உருண்டு போகிற ஆண்களுக்குப் பின்னால், ஓரடி வைத்து, முழந்தாளிட்டு, இரண்டு உள்ளங்கையும் மண்ணில் பதித்து, நெற்றி தொட்டு, எழும்பி, மறுபடி ஓரடி. அதற்கு ஒரு கட்டு உண்டு, யாரும் கைகொடுக்கக்கூடாது, கைகொடுத்தால் நேர்த்தி போயிற்று, பின்னால் தண்ணீர்ச் செம்போடு வந்த சித்திகூட அவள் தள்ளாடியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அண்ணன் வந்தான். அந்த உடம்புதான் இந்த உடம்பு. முறியாத ஸ்கீயையும் கழற்றி, இரண்டு தடியையும் குறுக்கே பனியில் படுக்கப்போட்டு, அதன்மேல் உள்ளங்கை வைத்து, முழந்தாள், நெற்றி, பிறகு ஒரு கால். எழும்பினாள். முறிந்த துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தான் வந்த வழியே புதைந்து புதைந்து இறங்கினாள். வீட்டுக்கு வந்து உழுந்தையும் ஊறப்போட்டாள்.

கடையின் நடுவில், கம்பளத்தின்மேல், ஸ்கீ போட்ட காலோடு தவமலர் சரிந்து படுத்தாள். படுத்தபோதுதான் கடை எவ்வளவு உயரமானது என்று தெரிந்தது, கூரையில் வரிசையாக விளக்குகள், சுற்றிவரச் சப்பாத்துகள். குழந்தைக்குக் கையுறை வாங்கவந்தவள் ஐயோ என்று அவளுடைய மொழியில் சொன்னாள். பெடியன் ஓடிவந்தான், அவனுக்கு முந்தி ஆரணி வந்து முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்தாள்.

"தொடாதை."

"அம்மா, சனம் பாக்குது."

"பாக்கட்டும். நீ கையை எடு."

ஆரணி கையை எடுத்தாள். இனி எழும்பவேண்டும், படுத்ததே அதற்குத்தானே, ஆனால் மணிக்கட்டு அளவு ஸ்கீ நீளமானது, மல்லாந்து கால்களைத் தூக்கி இரண்டையும் ஒரு பக்கமாகப் போடப் பார்த்தாள், வால் கம்பளத்தில் மாட்டியது, மறுபடி தூக்கினாள், சப்பாத்துத் தட்டில் இடித்தது, பெட்டியொன்று விழுந்தது. மாசி மாதத்துப் பயம் கூரை விளக்குகளுக்கு நடுவிலிருந்து இறங்கி வந்து அவள்மேல் கவிந்தது. இங்கே எழும்ப முடியாவிட்டால் நீலச் சோடியைக் கட்டிக் கொடுப்பான், அதையும் மகள்தான் காருக்குச் சுமந்துபோவாள், சரி அவ்வளவுதான். எவ்வளவு நீளத்துக்கு ஒரு சனியன் இது, ஹில்டேயின் அளவு ஹில்டேக்கும் அந்த நாளைய தவமலருக்கும் சரி, இன்றைய இடுப்புக்குச் சரியில்லை, அதை இடுப்பே சொல்லுகிறது, வேறு யாரும் சொல்லத் தேவையில்லை. மூச்சை இழுத்து ஒருக்களித்தாள். ஸ்கீ இரண்டும் பக்கம் பக்கமாக வந்து சேர்ந்தன. முழந்தாள். வலது முழந்தாள் நொந்தது, நோகட்டும். இரண்டு உள்ளங்கையையும் கம்பளத்தில் விரித்துப் பதித்தாள், தலை தானாகவே குனிந்து நெற்றி தரையைத் தொட்டது, தொடவேண்டிய தேவை ஒன்றும் இல்லை, பழக்கம், தொட்டால்தான் அடுத்தது வரும். கம்பளத்தில் ரப்பர் மணம். ஒரு காலை முன்னால் இழுத்து வைத்தாள், தொடையில் கை வைத்து அமத்தினாள், மெல்ல மெல்ல, ஒருவரும் தொடாமல், கூரை கீழே வந்தது, சுவரிலிருந்த சோடிகள் கீழே வந்தன, பெடியனுடைய முகம் அவளுடைய முகத்துக்கு நேரே வந்து நின்றது.

யாரோ கைதட்டினார்கள். கையுறைத் தாய்தான் தொடங்கினாள், பிறகு காசு வாங்குகிற இடத்தில் நின்றவர்கள், பிறகு பெடியனும். அருமை, உங்கள் வயதில் அருமை என்றான். தவமலருக்கு அந்தக் கைதட்டல் கன்னத்தில் அடித்த மாதிரி இருந்தது, குழந்தை முதலடி வைத்தால் தட்டுகிற தட்டு, முப்பது வயதுக்காரன் எழும்பி நின்றால் தட்டுவீர்களா. அவள் குனிந்து கையால் கொக்கியை அமத்தி ஸ்கீயைக் கழற்றினாள். இதே சோடி, இதே இரும்பு விளிம்பு, ஒரு அளவு கட்டையாக இருக்கிறதா என்று பெடியனிடம் கேட்டாள், கட்டையானது நான் கேட்பதால்தான், நீ சொன்னதால் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னாள். அவன் இந்த முறை அவளுடைய முகத்தைப் பார்த்து, இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனான். வென்றுவிட்டேன் என்று நினைத்து வாங்குப் பலகையில் குந்திச் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. ஆரணி வந்து அவளுக்கு முன்னால் தரையில் குந்தி அந்த முடிச்சைப் பிடித்தாள், அவிழ்க்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். மகளின் கண் தன் நெற்றியில் நிற்பது தெரிந்தது, கம்பளத்தின் தூசு ஒட்டியிருக்கவேண்டும். ஒருதரமும் விழாதவள் இப்படி வரிசை பிசகாமல், தடுமாறாமல், எது முதல் எது பிறகு என்று தெரிந்து எழும்பமாட்டாள். அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் இந்தப் பெட்டை.

"அம்மா, அது கல்லிலை மோதி உடையேல்லை, என்ன," என்றாள் ஆரணி, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "மேலை, மேட்டிலை விழுந்தனீங்களோ? தனியவோ?"

தவமலர் காலை அவளுடைய கையிலிருந்து விடுவித்து, குனிந்து, முடிச்சைத் தானே அவிழ்த்தாள்.

"எழும்பினனான்," என்றாள்.